தண்ணீர்க் கணக்கைக் கேட்போம்

(ஜூபிலி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



“செயற்கை நுண்ணறிவும் சுற்றுச்சூழல் உரிமையும்” என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். இது மெத்தப் படித்தவர்களின் விவகாரம், நமக்கென்ன என்று எண்ணிவிட வேண்டாம். இது குடிதண்ணீர் விவகாரம்.

நம் பிள்ளைகள் செல்போனில் ஒரு கேள்வி கேட்கிறார்கள். நொடியில் பதில் வருகிறது. அது ஆகாயத்திலிருந்து வருவதன்று. எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக ஓடுகின்றன. தரவு மையம் என்று அதற்குப் பெயர். 2024-ஆம் ஆண்டில் உலகத் தரவு மையங்கள் எல்லாம் சேர்ந்து செலவிட்ட மின்சாரம் சுமார் 41,500 கோடி யூனிட் என்று சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிட்டுள்ளது. ஓடும் இயந்திரம் சூடாகும். அந்தச் சூட்டைத் தணிக்கப் பல மையங்களில் தண்ணீரை ஆவியாக்குகிறார்கள். மின்சாரத்தைத் தொலைவிலிருந்து கொண்டுவரலாம். தண்ணீரையோ பெரும்பாலும் அந்த ஊரிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டால்ஸ் என்று ஒரு சிறு நகரம். அங்குள்ள கூகுள் மையங்கள் எவ்வளவு நீர் எடுக்கின்றன என்று ஒரு செய்தித்தாள் கேட்டது. அது வியாபார இரகசியம் என்று கூறி, நகர நிர்வாகமே 2021-இல் வழக்குத் தொடுத்தது! ஓராண்டுக்குப் பின் சமரசமாகிக் கணக்கு வெளிவந்தது. 2021-இல் மட்டும் ஏறத்தாழ 134 கோடி லிட்டர். நகரம் உபயோகித்த நீரில் கால் பங்குக்கும் மேல். குடிக்கிறவனுக்கே தன் ஊர்த் தண்ணீரின் கணக்கு தெரியாது என்றால், இது என்ன நியாயம்?

இனி, தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டைப் பாருங்கள். தலைநகர் சாந்தியாகோவை அடுத்த செரியோஸ் பகுதியில் ஒரு தரவு மையத்துக்கு 2020-இல் அனுமதி கிடைத்தது. பத்தாண்டாக மழை பொய்த்த நாடு அது. மக்கள் திட்டப் பத்திரங்களைப் புரட்டினார்கள், நிலத்தடி நீர் எடுக்கப்போவதைக் கண்டார்கள், எதிர்த்தார்கள். மாசற்ற சூழலில் வாழும் உரிமை அந்நாட்டு அரசியல் சட்டத்திலேயே உண்டு. 2024 பிப்ரவரியில் சுற்றுச்சூழல் நீதிமன்றம் அனுமதியின் ஒரு பகுதியை இரத்துச் செய்தது. பருவநிலை மாற்றத்தால் நிலத்தடி நீர் என்னவாகும் என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்றது. அவ்வாண்டு செப்டம்பரில், நீருக்குப் பதில் காற்றால் குளிர்விக்கும் புதிய திட்டமாகத் தொடங்குவோம் என்று கூகுள் அறிவித்தது.

சட்டம் நம் பக்கமும் இருக்கிறது. மாசற்ற நீரும் காற்றும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நமது உச்சநீதிமன்றம் 1991-இலேயே சொல்லிற்று. தூய்மையான சுற்றுச்சூழல் மனித உரிமை என்று 2022 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபையில் 161 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்து ஒரு வாக்குமில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் உள்ளது. ஆனால் சட்டம் தானாக எழுந்து நடப்பதில்லை. கேட்கிறவன் வேண்டும்.

நான் விஞ்ஞானத்துக்கு விரோதியல்லன். சென்னையைச் சுற்றியும் தரவு மையங்கள் எழுந்துள்ளன; வேலையும் வசதியும் வரட்டும். வருமுன் மூன்று கேள்வி கேட்போம்: எத்தனை லிட்டர்? எந்த நீர்? கோடையில் முதல் குடம் யாருக்கு?

கேட்பது கலகமன்று; கடமை.