ஒன்றரைப் பாகையில்



பட்டமளிப்பு விழாவில் பேச வருகிறவர் எதிர்காலத்தைப் பற்றித்தான் பேசவேண்டும் என்பது எழுதாத சட்டம். நான் இன்று பேசப் போவது, நீங்கள் முடித்துவிட்டு மறக்கத் துடிக்கிற ஒன்றைப் பற்றி. உங்கள் பாடப்பட்டியல். நிலவியல், புவி இயற்பியல், வானிலை, கடலியல், விண்வெளி அறிவியல் என்று ஆளுக்கொரு துறையில், ஆளுக்கொரு பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இந்தத் தெப்ராவ் மண்டபத்தில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள். துறை வேறானாலும் புலம்பல் ஒன்றுதான். "கல்லைப் படிக்க வந்தவனுக்கு எதற்கு சார் கால்குலஸ்?" இந்தக் கேள்விக்கு விரிவுரை மண்டபத்தில் சரியான பதில் கிடைப்பதில்லை. "பட்டத்துக்கு இது கட்டாயம்" என்பதோடு முடித்துவிடுவார்கள். பதில் ஜொகூரிலேயே இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

உள்ளே நுழைவதற்கான தகுதியை முதலில் பார்த்துவிடுவோம், அது சின்ன விஷயம். எஸ்.பி.எம்.மில் மலாய் மொழியில் கிரெடிட், வரலாற்றில் தேர்ச்சி. பிறகு எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் அல்லது அதற்கு ஈடான ஒன்றில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகியவற்றில் துறை கேட்கிற பாடங்கள். கூடவே மூயெட் ஆங்கிலத் தேர்வு. மருத்துவத்துக்குக் கேட்கிற புள்ளிகளோடு ஒப்பிட்டால் இந்தக் கதவு அகலமானது. அகலமான கதவைக் கண்டாலே நம் வீடுகளில் ஒரு சந்தேகம் வந்துவிடும்: சுலபமாகக் கிடைக்கிற படிப்பு நல்ல படிப்பாக இருக்குமா? உள்ளே போன பிறகுதான் தெரியும், கதவுதான் அகலம், பாதை குறுகல்.

இனி கால்குலஸுக்கு வருவோம். 2001 டிசம்பர் 27. இந்த மாநிலத்தின் தென்கிழக்குக் கரையில் ஒரு புயல் ஏறியது. பெயர் வாமெய். அதுவரை வானிலைப் பாடப்புத்தகங்களில் ஒரு வரி இருந்தது: நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் ஏறக்குறைய ஐந்து பாகைக்குள் சூறாவளி உருவாவதில்லை. காரணமும் இருந்தது. காற்றைச் சுழல வைப்பது பூமியின் சுழற்சியால் வரும் கோரியோலிஸ் விசை. அதன் அளவு, நீங்கள் இருக்கும் அட்சரேகையின் சைன் மதிப்பைப் பொறுத்தது. சென்னை இருப்பது 13 பாகையில். அங்கே சைன் 0.22-க்குச் சற்று மேல். நாம் உட்கார்ந்திருக்கும் தெப்ராவ் ஒன்றரைப் பாகையில், இங்கே 0.026. ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். அவ்வளவு பலவீனமான முறுக்கை வைத்துக்கொண்டு காற்று சுழன்று புயலாக முடியாது என்பதுதான் கணக்கு. வாமெய் உருவானதோ 1.4 பாகையில்.

கணக்கு பொய்த்துவிட்டதா? இல்லை. கணக்கில் இன்னொரு உறுப்பு இருந்தது. வடகிழக்குப் பருவக்காற்றின் குளிர் அலை ஒன்று வழக்கத்தைவிட நீண்ட நாள் தென்சீனக் கடலில் இறங்கிக்கொண்டே இருந்தது. அந்தக் கடல் தெற்கே வரவரக் குறுகும். அதே சமயம், வழக்கமாகப் போர்னியோவை ஒட்டி நிற்கும் காற்றுச் சுழல் மேற்கே நகர்ந்து, அந்தக் குறுகிய கடலின் நடுவில் வந்து நின்றது. பலமான காற்று அதன் ஒரு பக்கத்தை உரசிக்கொண்டு போக, சுழலுக்கு வேண்டிய முறுக்கு அங்கிருந்து கிடைத்தது. பூமி கொடுக்காததைக் காற்றே கொடுத்துவிட்டது. இந்த இரண்டும் இப்படிக் கூடிவருவது 100 முதல் 400 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் என்று பிறகு ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அது டைபூனா, வெறும் வெப்பமண்டலப் புயலா என்பதில் அமெரிக்க மையமும் ஜப்பானிய மையமும் ஒத்துப்போகவில்லை என்பது வேறு கதை. ஜொகூருக்கு அந்த விவாதம் முக்கியமில்லை. வெள்ளம் வந்தது. குனோங் பூலாயில் சரிவு இடிந்து வீடுகள் மேல் விழுந்து ஐந்து பேர் மாண்டார்கள்.

பிள்ளைகளே, அந்தச் சமன்பாட்டை நீங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதில் எந்த உறுப்பை எப்போது ஒதுக்கலாம், எப்போது ஒதுக்கக்கூடாது என்று தெரிந்தவர்தான் வானிலையாளர். சைனை மட்டும் பார்த்துவிட்டு "இங்கே புயல் வராது" என்று சொல்ல யாராலும் முடியும். அதற்கு நான்காண்டுப் படிப்பு தேவையில்லை.

மடக்கைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.13. சிகாமட்டில் நிலம் அதிர்ந்தது, அளவு 4.1. அடுத்த நாள்களிலும் சின்னச் சின்ன அதிர்வுகள் தொடர்ந்தன. "நம் நாட்டில் நிலநடுக்கம் வராது" என்று நம்பி வளர்ந்த தலைமுறை அன்று கைப்பேசியோடு வாசலில் நின்றது. 2015 ஜூன் 5-இல் சபாவின் ரானாவில் வந்ததன் அளவு 6.0, கினபாலு மலையில் 18 பேர் இறந்தார்கள். நான்குக்கும் ஆறுக்கும் இரண்டுதானே வித்தியாசம் என்று ஒருவர் பயந்தால் அவரைக் குறை சொல்லமுடியாது, அவர் மடக்கை படித்தவர் இல்லை. வெளிப்பட்ட ஆற்றலைக் கணக்கிட்டால் ரானாவ் அதிர்வு சிகாமட்டைவிட ஏறத்தாழ 700 மடங்கு. இதைப் பதறாமல், அதே சமயம் அலட்சியமாகவும் இல்லாமல், பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு விளங்குகிற மாதிரி எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்தக் காலையில் புலனக் குழுக்களில் அப்படிப்பட்டவர்கள் குறைவு, ஜோசியர்கள் அதிகம்.

வேதியியலுக்குப் பாசிர் கூடாங் போதும். 2019 மார்ச் மாதம் சுங்கை கிம் கிம்மில் யாரோ இரவோடு இரவாக வேதிக்கழிவைக் கொட்டினார்கள். வகுப்பறையில் இருந்த பிள்ளைகள் மூச்சுத்திணறி விழுந்தார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. கொட்டியது என்ன, எது ஆவியாகிப் போகும், எது ஆற்றுச் சேற்றில் ஒட்டிக்கொண்டு தங்கும், கடல் ஏற்றம் அதை எந்தப் பக்கம் தள்ளும்? இவை எல்லாமே உங்கள் புவி வேதியியல் தாளில் வந்த கேள்விகள்தான், எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளவேண்டும்.

ஆனால் பட்டியலில் எனக்கு மிகப் பிடித்த தேவை இவை எதுவும் இல்லை. களப்பணி. எந்த நல்ல நிலவியல் பட்டமும் அதில்லாமல் கொடுக்கப்படுவதில்லை. லங்காவியில் 50 கோடி ஆண்டுக்கு முந்திய மணற்பாறைகளைத் தொட்டுப் பார்க்கிறீர்கள், கிந்தாவில் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்க்கிறீர்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வெற்று வரைபடத்தைக் கொடுத்து, "இந்தச் சதுரத்தின் நிலவியலை நீயே வரைந்து கொண்டுவா" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஐரோப்பியப் பாடநூல்களில் பாறை மலைமுகட்டில் மொட்டையாக நின்று காத்திருக்கும். ஜொகூரில் அப்படி எங்கே நிற்கிறது? கருங்கல் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிச் செம்மண்ணாகி, அதன்மேல் செம்பனை நிற்கிறது. பாறையைத் தேடி ஓடைக்குள் இறங்கவேண்டும், கல்லுடைக்கும் இடங்களுக்குப் போகவேண்டும், புதிதாக வெட்டிய சாலைச் சரிவை மழை கரைப்பதற்குள் பார்க்கவேண்டும்.

இதைச் செய்தவர்களைப் பார்த்தால் தெரியும். ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று, சுத்தியலால் ஒரு மூலையை உடைத்து, மக்காத உட்புறத்தைக் கழுவி, கழுத்தில் தொங்கும் உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு, கல்லைத்தான் கண்ணருகே கொண்டுவருவார்கள். புதியவர்கள் உருப்பெருக்கியைக் கல்லிடம் கொண்டுபோவார்கள். சந்தேகம் இருந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு. நுரைத்தால் சுண்ணாம்புக்கல். நுரைக்காவிட்டால் கத்தியால் சுரண்டிப் பொடியாக்கி மறுபடி ஒரு சொட்டு. பொடி மட்டும் மெல்ல நுரைத்தால் அது டோலமைட். பிறகு திசைகாட்டியின் விளிம்பைப் பாறைப் படுகையில் வைத்து, குமிழி நடுவில் வரும்வரை அசைத்து, படுகை ஓடும் திசையையும் அது சாயும் கோணத்தையும் படிக்கவேண்டும். காலில் அட்டை ஏறியிருக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், மழை வருவதற்குள் கோணத்தை நோட்டில் எழுதியாகவேண்டும், அதுவும் பென்சிலில். மை கரையும்.

அந்தச் சாய்வுக் கோணம் வெறும் எண் இல்லை. படுகை மலைக்குள் சாய்ந்தால் ஒருவிதம், சாலையை நோக்கிச் சாய்ந்தால் வேறுவிதம். 1993 டிசம்பர் 11-இல் உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் போனார்கள். 2022 டிசம்பர் 16-இல் பத்தாங் காலியில் முகாம்மேல் சரிவு விழுந்து 31 பேர். ஒவ்வொரு தடவையும் விசாரணை நடக்கும், மண்ணும் மழையும் வடிகாலும் பேசப்படும். கட்டுவதற்கு முன்னால் அந்தச் சரிவில் நடந்து பார்த்தவர் யார் என்பதுதான் என் கேள்வி. 2008-இல் நிலவியலாளர் சட்டம் வந்ததற்கும், நிலவியலாளர் வாரியம் அமைந்ததற்கும் பின்னால் இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பங்கு உண்டென்றே நான் நினைக்கிறேன். இன்று யார் வேண்டுமானாலும் நிலவியலாளர் என்று கையெழுத்துப் போட முடியாது.

விண்வெளி படித்தவர்கள் "எங்களுக்கும் இந்த அட்டைக்கும் என்ன சம்பந்தம்" என்று சிரிக்கிறீர்கள். நிலவில் நடந்தவர்களில் ஒரே ஒருவர்தான் தொழில்முறை நிலவியலாளர், ஹாரிசன் ஷ்மிட், 1972 டிசம்பரில், கடைசிப் பயணத்தில். அவரும் அங்கே போய்ச் சுத்தியலைத்தான் எடுத்தார். இன்னும் கிட்டத்தில் வேண்டுமா? சந்திரயான் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்கு நிலவின் மண் மாதிரி ஒன்று தேவைப்பட்டது. நிலவின் மேட்டுநிலம் அனார்த்தசைட் என்ற வெளிர் பாறை. பூமியில் அது அரிது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் அது கிடக்கிறது என்று நிலவியலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையின் துணையோடு அந்தப் பாறையை எடுத்து, பொடித்து, நிலவின் மண்ணாக்கினார்கள். 2023 ஆகஸ்ட் 23-இல் கலம் நிலவில் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு அதற்குமுன் சித்தம்பூண்டி என்ற பெயர் தெரியும்?

இதைச் சொன்னால் அம்மாக்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: 2007-இல் நம் நாட்டிலிருந்து விண்வெளிக்குப் போனவரே டாக்டர்தானே! உண்மைதான், ஷேக் முசாபர் எலும்பு மருத்துவர். அம்மாக்களோடு வாதாடி ஜெயிக்க நான் இந்த மேடைக்கு வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் நான்காம் படிவத்துக்குப் போகும் பிள்ளை இருந்தால், "கஷ்டம், வேண்டாம்" என்று கூடுதல் கணிதத்தை நீங்களே முந்திக்கொண்டு வெட்டிவிடாதீர்கள். பதினாறு வயதில் விட்ட அந்தப் பாடம்தான், பத்தொன்பது வயதில் இயற்பியல் புரியாமல் போவதற்குக் காரணமாகி நிற்கிறது. டாக்டராகட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்? ஆனால் கதவை மூடிவிட்டு "அவனுக்கு விருப்பமில்லை" என்று சொல்லாதீர்கள்.

பட்டதாரிகளில் பலர் அக்கரைச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவீர்கள், எனக்குத் தெரியும். தாராளமாகப் போங்கள். ஜூரோங் தீவில் ஏறத்தாழ 130 மீட்டர் ஆழத்தில் பாறையைக் குடைந்து எண்ணெய் சேமிக்கிறார்கள். அங்கே உங்கள் படிப்புக்கு வேலை இருக்கிறது, சம்பளமும் இருக்கிறது. போகும் வழியில் காலை நெரிசலில் நகராமல் நிற்கும்போது கீழே பாருங்கள். 1924-இல் திறக்கப்பட்ட அந்தக் கடற்பாலம் பூலாவ் உபினிலும் புக்கிட் தீமாவிலும் வெட்டிய கருங்கல்லால் ஆனது. அது தெப்ராவ் நீரிணையைக் குறுக்கே அடைத்துவிட்டது. இரண்டு பக்கத்துக் கடல்நீரும் அங்கே கலப்பதில்லை. நம் தெப்ராவ் ஆறு கொண்டுபோகும் சேறும் நகரத்துக் கழிவும் அந்த அடைப்புக்குப் பக்கத்தில் எங்கே போய்ப் படிகிறது என்பது கடலியல் பட்டதாரிக்கு நல்ல முதுகலைத் தலைப்பு. இந்த வட்டாரத்துப் பிள்ளை யாராவது எடுத்துச் செய்தால் சந்தோஷப்படுவேன்.

நிலவியல் பட்டதாரிகள் வாரியத்தில் பட்டதாரி நிலவியலாளராகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அனுபவம் சேர்த்து, நேர்காணல் முடித்தால்தான் தொழில்முறை நிலவியலாளர் என்ற தகுதி வரும். தள்ளிப்போட்டால் தள்ளிக்கொண்டே போகும். களக்குறிப்பு நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் கோணம் எழுதிய ஓடையின்மேல் நாளை ஒரு தாமான் எழும்பலாம், அந்தப் பாறையை மறுபடி பார்க்க வழியே இருக்காது.

இன்னொன்று. வேலை கிடைப்பதற்கு முன் உங்களுக்குச் சில சனிக்கிழமைகள் ஓய்வாக இருக்கும். பக்கத்தில் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு, சுத்தியல், உருப்பெருக்கி, திசைகாட்டி, ஒரு பை நிறையக் கல் எடுத்துக்கொண்டு போங்கள். சிகாமட்டில் ஏன் ஆடியது என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் கேட்பார்கள், பதிலைத் தயார் செய்துகொண்டு போங்கள். கல்லை அவர்களே உடைக்கட்டும், கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு. அமிலப் புட்டியை மட்டும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.