தையலைத் தொடாமல் ஒரு கிளிப்

முதுகுப்பையின் துணி நன்றாக இருக்கும், ஜிப் ஓடும், தையல் ஓர் இழைகூட விடாது. ஆனால் இடுப்புப்பட்டையின் கிளிப் உடைந்திருக்கும். ரயிலில் இருக்கைக்கு அடியில் தள்ளிய பையின் வாரை யாராவது மிதித்திருப்பார்கள். கார்க் கதவை அறைந்து சாத்தும்போது நடுவில் மாட்டியிருக்கும். அல்லது மொட்டை மாடி வெயிலில் மாதக்கணக்கில் காய்ந்து, ஒரு நாள் விரல் பட்டதுமே பட்டென்று முறிந்திருக்கும்.

உடைந்தது மிகச் சின்ன பொருள். சென்னைப் பாரிமுனைச் சந்துகளிலும், பெரியமேட்டில் தோல் சாமான் விற்கும் கடைகளிலும், எந்த ஊரிலும் பை தைக்கிறவர்களுக்குச் சாமான் போடும் கடையிலும் இதைச் சில்லறைக் காசுக்கு வாங்கிவிடலாம். வாங்கிய பிறகுதான் சிக்கல். பை தைப்பவரிடம் போய், "அண்ணே, இந்த கிளிப்பை மட்டும் மாத்திக் குடுங்க" என்று நீட்டினால், அவர் பையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முதுகுப் பக்கத்தையே பிரிக்கணும் தம்பி" என்பார். அவர் சொல்வதில் தவறில்லை. கிளிப்பைச் சுற்றி மடித்த பட்டையின் நுனி, முதுகுப் பக்கத்து மெத்தைக்கும் உள்துணிக்கும் நடுவே புதைத்துத் தைக்கப்பட்டிருக்கும். திருப்பூர்க்காரர்கள் பார்டேக் என்று சொல்கிற அந்த நெருக்கமான குறுக்குத் தையல், பல அடுக்குகளை ஒன்றாகக் கவ்விப் பிடித்திருக்கும். ஒரு கிளிப்புக்காக அதைப் பிரித்தால் திரும்பத் தைப்பதற்கு அடுக்கு தாங்கும் மெஷின் வேண்டும். வீட்டுத் தையல் மெஷினின் ஊசி அங்கே நிற்காது.

இந்த இடத்தில்தான் ஒரு சின்ன கைவேலை உதவுகிறது: தையலை அப்படியே விட்டுவிட்டு கிளிப்பை மட்டும் மாற்றுவது. அது எந்த அளவுக்கு நம்பத்தக்கது, எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதே இந்த உரையின் விஷயம்.

முதலில் உடைந்த பொருளைப் பார்க்கலாம். 1952-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டிக் கெல்ட்டி, அலுமினியச் சட்டம் வைத்த முதுகுப்பைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். சுமையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கும் இடுப்புப்பட்டை மலையேறுவோரிடம் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் காலத்துப் பட்டைகளைப் பூட்டியவை உலோகக் கொக்கிகள். இரு பக்கமும் அழுத்தினால் 'டிக்' என்று விடுபடும் பிளாஸ்டிக் கிளிப் பரவியது 1970-களுக்குப் பிறகு. நுழையும் பாதியில் மூன்று பற்கள். நடுப்பல் வழிகாட்டுகிறது, ஓரப்பற்கள் இரண்டும் உள்ளே வளைந்து கொடுத்து, பிறகு விரிந்து பூட்டுகின்றன. கையுறை போட்ட கையாலும் ஒரே அழுத்தில் கழற்றிவிடலாம். உலகமே இதற்கு மாறியதில் வியப்பில்லை.

ஆனால் வளைந்து கொடுக்க வேண்டிய அந்த ஓரப்பற்கள்தான் பெரும்பாலும் முதலில் முறிகின்றன.

நல்ல கிளிப்புகள் அசிட்டால் அல்லது நைலானில் வார்க்கப்படுகின்றன. நைலான் 1935-இல் டுபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் உருவாக்கியது. அசிட்டாலை அதே நிறுவனம் 1960 வாக்கில் டெல்ரின் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அசிட்டாலுக்கு விறைப்பும் வில்லைப் போன்ற துள்ளலும் அதிகம். பல ஆயிரம் முறை வளைந்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். வெயிலின் புற ஊதாக் கதிர்தான் அதற்குப் பகை. நைலான் ஈரத்தை உறிஞ்சி இளகும். வறண்ட குளிரில் நொறுங்கும் தன்மை கூடும். மலிவான பைகளில் பாலிபுரொப்பிலீன் கிளிப்பும் வருகிறது.

இந்த வேதியியலைத் தெரிந்துகொண்டால் ஒரு வீண் வேலை மிச்சம். கிளிப் முறிந்ததும் பலர் முதலில் தேடுவது நொடியில் ஒட்டும் பசையை. அசிட்டாலின் மேற்பரப்பு வழுவழுப்பானது, பசையைப் பிடித்துக்கொள்ளாத வகை. ஒட்டியதுபோல் தெரியும், முதல் இழுப்பிலேயே விட்டுவிடும். மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கி ஒட்டுவது அதைவிட மோசம். அசிட்டால் அதிகச் சூட்டில் சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடும். கண்ணும் தொண்டையும் எரியும். ஆகவே முறிந்த கிளிப்பை ஒட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மாற்றத்தான் வேண்டும்.

தைக்காமல் மாற்றும் வழிகளில் முதலிடம் பெறுவது, குறுக்குத்தண்டில் வெட்டு வைத்த கிளிப். எந்தக் கிளிப்பிலும் பட்டை சுற்றி வரும் தண்டு ஒன்று பின்புறம் இருக்கும். சாதாரண கிளிப்பில் அது இரு முனையிலும் மூடியிருப்பதால், மடித்துத் தைத்த பட்டை வளையத்துக்குள் அதை நுழைக்க வழியே கிடையாது. பழுதுபார்ப்புக்கென்றே செய்த கிளிப்பில் அந்தத் தண்டில் ஒரு சாய்ந்த வெட்டு இருக்கிறது. சாவி வளையத்தில் சாவியை ஏற்றுவதுபோல, பட்டையின் ஓர் ஓரத்தை அந்த இடைவெளியில் நுழைத்து, மெல்ல நகர்த்தி நகர்த்தி முழு அகலத்தையும் உள்ளே கொண்டுவந்துவிடலாம். அமெரிக்காவின் கியர் எய்ட் நிறுவனம் இப்படித் தைக்காமல் மாட்டும் கிளிப்புகளை விற்கிறது. ஆஸ்திரேலியாவின் ஸீ டு சம்மிட் வேறொரு வழியைப் பிடித்தது: தண்டு இருக்க வேண்டிய இடத்தில் கழற்றி மாட்டும் ஊசி. ஊசியைக் கழற்றி, பட்டை வளையத்தை உள்ளே வைத்து, ஊசியைத் திரும்பச் செலுத்தினால் வேலை முடிந்தது.

மாட்டுவதற்கு முன் பழையதை எடுக்க வேண்டும். அதில் ஒரே ஒரு விதி: வெட்டுவது பிளாஸ்டிக்கை, பட்டையை ஒருபோதும் அல்ல. கட்டிங் பிளேயரால் பழைய கிளிப்பின் குறுக்குத்தண்டை இரண்டு இடத்தில் நறுக்கினால் அது தானாகக் கழன்று வரும். அசிட்டால் வெட்டுப்படும்போது துண்டு தெறிக்கும். கண்ணாடி அணிவது நல்லது, இல்லையென்றால் மேலே ஒரு துணியைப் போட்டு மூடிக்கொண்டு நறுக்கலாம். பட்டை வளையம் மிக இறுக்கமாக இருந்தால், தட்டை முனைத் திருப்புளியால் லேசாக நெம்பி இடம் உண்டாக்கினால் புதிய கிளிப் ஏறிவிடும்.

ஒரு பாதி உடைந்தால் அந்தப் பாதியை மட்டும் வாங்கிப் பொருத்தலாமே என்று தோன்றும். பெரும்பாலும் அது நடக்காது. ஒரு நிறுவனத்தின் நுழையும் பாதி இன்னொரு நிறுவனத்தின் ஏற்கும் பாதிக்குள் சரியாக உட்காராது; நுழைந்தாலும் பூட்டாது, பூட்டினாலும் ஆடும். ஒய்.கே.கே., டியூராஃப்ளெக்ஸ், ஐ.டி.டபிள்யூ. நெக்ஸஸ் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி அச்சு. கிளிப்பின் முதுகில் பெயரும் எண்ணும் பொறித்திருந்தால், அதே பெயரும் எண்ணும் கொண்ட பாதியைத் தேடலாம். இல்லையென்றால் இரண்டு பாதிகளையும் சேர்த்தே மாற்றிவிடுவது சிக்கனம்.

இரண்டாவது பாதி சுலபமானது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பக்கத்தில் பட்டை தைக்கப்பட்டிருக்காது. தண்டுகளைச் சுற்றி வளைந்து செல்லும், அவ்வளவுதான். உருவி எடுத்து, புதியதில் அதே வழியில் கோத்துவிடலாம். ஒரு தடை உண்டு. பட்டை தற்செயலாக உருவிக்கொண்டு போகாதிருக்க அதன் நுனியைத் தடிமனாக மடித்துத் தைத்திருப்பார்கள். சில பைகளில் அந்த மடிப்பைக் குறுக்காகச் சாய்த்தால் வெளியே வந்துவிடும். வராவிட்டால் நுனியின் அந்த ஒரு வரித் தையலை மட்டும் பிளேடால் பிரிக்கலாம். பிரித்த நுனி இழை விடாமலிருக்க, தீக்குச்சிச் சுடரைக் கிட்டே கொண்டுபோய் ஓரத்தை உருக வைத்தால் போதும். நைலான், பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் பட்டைகள் உருகும். பருத்திப் பட்டை எரியும், அதற்கு நெருப்பைக் காட்டக் கூடாது.

கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அளவில். அளக்க வேண்டியது பட்டையின் அகலம். கிளிப்பின் வெளி அகலத்தை அளந்தால் கணக்குத் தப்பும். சந்தையில் வழக்கமான அளவுகள் 20, 25, 38, 50 மில்லிமீட்டர். பழைய கணக்கில் முக்கால், ஒன்று, ஒன்றரை, இரண்டு அங்குலம். நெஞ்சுப்பட்டைக்குப் பெரும்பாலும் 20 அல்லது 25, பெரிய பைகளின் இடுப்புப்பட்டைக்கு 38 அல்லது 50. 25 பட்டையை 20 கிளிப்பில் திணித்தால் சுருங்கி மடியும். 20 பட்டையை 25-இல் மாட்டினால் ஓரத்துக்கு நகர்ந்து, தண்டில் பிடிமானம் விட்டு வழுக்கும். உடைந்த துண்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் கடைக்காரரும் தடுமாறமாட்டார்.

வெட்டு வைத்த கிளிப் உள்ளூர்க் கடைகளில் எளிதில் அகப்படுவதில்லை; இணையக் கடைகளில் கிடைக்கும். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் சாதாரண கிளிப்பின் தண்டில் ஆக்ஸா பிளேடால் தாங்களே சாய்வாக ஒரு வெட்டுப் போட்டுக்கொள்வதுண்டு. இந்த யுக்தி வேலை செய்யும், ஆனால் தண்டின் பலம் கணிசமாகக் குறைந்துவிடும். இரண்டு முனையிலும் தாங்கி நின்ற தண்டு, வெட்டிய பிறகு ஒரு முனையில் மட்டுமே தொங்குகிறது. பழுதுபார்ப்புக்கென்று வார்த்தவற்றில் இதைக் கணக்கில் வைத்துத் தண்டைத் தடிமனாக்கியிருப்பார்கள். கையால் அறுத்ததில் அந்தக் காப்பு இல்லை. நெஞ்சுப்பட்டைக்கும், பையின் பக்கவாட்டை இறுக்கும் வாருக்கும் இது போதும். இடுப்புப்பட்டைக்குப் போதாது.

கிளிப்பே கிடைக்காத இடமும் உண்டு. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் திறந்துவிட்டது. பாதி மலையில் இடுப்புப்பட்டை கிளிப் உடைந்தால் கடையைத் தேட முடியாது. அப்போது இரண்டு வளையங்கள் உதவும். ஹெல்மெட் வாரில் பலர் பார்த்திருக்கும் இரட்டை டி-வளைய முறை: பட்டையை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, மேல் வளையத்தைத் தாண்டித் திருப்பி, கீழ் வளையத்தின் வழியே மட்டும் இழுத்தால், இழுக்க இழுக்க இறுகும். வளையமும் இல்லாதபோது இரண்டு பட்டை நுனிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைத்து முடிச்சுப் போடலாம். பிளாஸ்டிக் கட்டும் டேக் ஒரு வளையமாக ஒரு நாள் தாங்கும். ஊர் திரும்பியதும் மாற்றிவிட வேண்டிய ஏற்பாடுகள் இவை.

இனி மதிப்பீட்டுக்கு வரலாம். வெட்டு வைத்த கிளிப்பின் மேல் எழும் முதல் சந்தேகம், பட்டை அந்த வெட்டு வழியாகவே நழுவிவிடாதா என்பது. சுமை இழுக்கும்போது பட்டை தண்டின் முழு அகலத்திலும் விறைப்பாகப் படிந்து நிற்கிறது. அப்போது நழுவ வழியில்லை. பட்டை தளர்ந்து, முறுக்கிக்கொண்டு, ஒரு பக்கமாக ஆடும்போதுதான் ஓரம் வெட்டுக்குள் புகக்கூடும். பட்டையின் அகலம் தண்டுக்குச் சரியாகப் பொருந்தினால் இந்த ஆபத்து மிகக் குறைவு. அளவில் அவ்வளவு கறார் காட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெருமுனையில் கைதேர்ந்த தையல்காரர் இருக்கிற ஊரில், பட்டை வெளிப்படையாகத் தைக்கப்பட்ட இடங்களுக்குத் தைத்து மாற்றுவதே உறுதி. வெட்டே இல்லாத தண்டு, புதிய தையல், கூலியும் அதிகமில்லை. தைக்காத முறை அதை வெல்வது, தையல் பைக்குள் புதைந்திருக்கும்போதும், தைக்க ஆளில்லாத இடத்திலும். விடுதி அறையிலும் மலைப்பாதையிலும், நாளைக் காலை பள்ளிக்கூடப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய வீட்டிலும் அதற்கு நிகரில்லை. பையின் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கை. அந்த எடைக்குள் நிற்கும் பையின் நெஞ்சுப்பட்டையை இந்த முறை தாராளமாகத் தாங்கும்.

மலையேறும் இடைவார், உயிர்காக்கும் மிதவைச் சட்டை, ஹெல்மெட், குழந்தையைச் சுமக்கும் தூளிப்பை, காரில் குழந்தை உட்காரும் இருக்கை ஆகியவற்றில் இந்தக் கைவேலைக்கு இடமே கிடையாது. அவற்றின் பூட்டு சோதித்துச் சான்று பெற்ற மொத்த அமைப்பின் ஒரு பகுதி. உடைந்தால் தயாரித்தவரிடமே போக வேண்டும்.

பை செய்கிறவர்கள்மேல் ஒரு குறை சொல்லவும் இடமிருக்கிறது. மாற்றக்கூடிய கிளிப்பைத் தொடக்கத்திலேயே பையில் வைத்துத் தைத்தால் என்ன? வார்ப்பு அச்சில் ஒரு சிறு மாற்றம் அது. சில மலையேற்றப் பைகளில் இப்போதே இருக்கிறது. புதுப் பை வாங்கப் போகிறவர்கள் துணியையும் ஜிப்பையும் இழுத்துப் பார்ப்பதோடு கிளிப்பையும் ஒரு தரம் புரட்டிப் பார்க்கலாம். தண்டில் சாய்ந்த வெட்டு இருக்கிறதா, இல்லாவிட்டால் உடைந்த பாதி தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரைக் கேட்கலாம். பலர் கேட்டால், அந்தக் கேள்வி கடையிலிருந்து தொழிற்சாலைக்கும் போய்ச் சேரும்.