ஏரிக்கரையில் வளையம் பூணும் குருவிகள்

(அறுப்பின் பண்டிகை ஞாயிறன்று சபை மண்டபத்தில் ஆற்றிய உரை)



ரொறன்ரோவின் லெஸ்லி ஸ்ட்ரீற் ஸ்பிற்றில் சைக்கிள் ஓடியவர்கள் எத்தனை பேர்? கையை உயர்த்துங்கள். பரவாயில்லையே! நகரத்தில் இடித்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் ஒன்ராறியோ ஏரிக்குள் கொட்டியதால் உண்டான நிலம் அது. ஏறக்குறைய 5 கிலோமீற்றர் நீளம். இன்று அதில் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. அங்கேயுள்ள டொமி தொம்சன் பூங்காவில் 2003 முதல் ஒரு பறவை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. இலையுதிர் காலத்தில் அங்கே நடக்கும் வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சூரியன் உதிக்க அரை மணி நேரத்துக்கு முன்பே வலைகளைத் திறந்துவிடுவார்கள். எட்ட நின்று பார்த்தால் நம்முடைய வொலிபோல் வலை போலத்தான். ஆனால் நூல் அத்தனை மெல்லியது, பற்றைகளுக்கு நடுவே கட்டினால் கண்ணுக்கே தெரியாது. பறந்து வரும் குருவி வலையில் முட்டி, கீழே தொங்கும் மடிப்புக்குள் விழும். காயம் படாது. ஆனாலும் அதை நெடுநேரம் விட்டுவைக்கக் கூடாது. ஆகவே திரும்பத் திரும்ப வலைகளைச் சுற்றிப் பார்ப்பார்கள். மழை பெய்தால், பெருங்காற்று அடித்தால், வலையை மூடிவிடுவார்கள். அரசாங்கத்தின் அனுமதிப் பத்திரம் இல்லாமல் யாரும் இதைச் செய்ய முடியாது. பிள்ளைகளே, வீட்டுக்குப் பின்னால் வலை கட்டிவிடாதீர்கள்!

பிடித்த குருவியைத் துணிப்பைக்குள் வைத்து மேசைக்குக் கொண்டுவருவார்கள். இருட்டில் அது அடங்கி இருக்கும். காலில் ஒரு சின்ன அலுமினிய வளையம் பூட்டுவார்கள். அதில் ஓர் இலக்கம் உண்டு. அந்த இலக்கம் வேறு எந்தப் பறவைக்கும் கிடையாது. பிறகு அடிமட்டத்தால் சிறகை அளப்பார்கள். அதன்பின் நடப்பதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். குருவியின் நெஞ்சிலே மெதுவாக ஊதுவார்கள். இறகு விலகும். தோல் கண்ணாடி மாதிரி. கழுத்துக் குழியிலே மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். அதுதான் அதன் பெற்றோல் ராங்கி! எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். கடைசியாக ஒரு சிறு குழாய்க்குள் தலைகீழாக விட்டுத் தராசில் நிறுத்து, பறக்க விடுவார்கள்.

கோல்டன் கிரவுண்ட் கிங்லெற் என்ற குருவியின் நிறை ஏறத்தாழ 6 கிராம். உங்கள் பொக்கற்றில் இருக்கும் ஒரு டொலர் குற்றியும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

பிளாக்போல் வோர்ப்ளர் என்று இன்னொன்று. சாதாரணமாக 12 கிராம், அதாவது இரண்டு டொலர் குற்றிகள். கனடாவின் வடபகுதிக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இலையுதிர் காலத்தில் கிழக்குக் கரைக்குப் போகும். அங்கே பூச்சியும் பழமும் தின்று கொழுத்துப் பின்பு அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேல் கிளம்பும். இறங்க ஒரு கிளை கிடையாது. இது உண்மையா என்று விஞ்ஞானிகள் வெகுகாலம் வாதாடினார்கள். நோவா ஸ்கோஷியாவிலும் வெர்மொன்றிலும் சில குருவிகளின் முதுகில் அரைக் கிராம் கருவியைக் கட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டு திரும்பி வந்தவற்றிலிருந்து ஐந்து கருவிகளை எடுக்க முடிந்தது. 2015இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு மூன்று நாட்கள் ஓயாமல் பறந்து 2,270 முதல் 2,770 கிலோமீற்றர் கடந்து கரீபியன் தீவுகளில் இறங்கியிருந்தன. கொழும்பிலிருந்து டெல்லி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாரையும் தகைவிலானும் தங்கள் காலத்தை அறியும் என்று எரேமியா எட்டாம் அதிகாரத்தில் எழுதினார். அவர் தராசு வைத்து நிறுத்துப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தே எழுதினார். ஊரிலே ஆறுமணிக் குருவியின் சத்தம் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அதுவும் மாரிகாலத்துக்கு இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வருகிற விருந்தாளிதான்.

இனி, நம்முடைய மண்டபத்துக்கு வருகிறேன். இந்தக் குருவிகளில் பெரும்பாலானவை இரவிலேதான் பயணம் செய்கின்றன. நகரத்து வெளிச்சம் அவற்றைக் கீழே இழுக்கிறது. விடிந்ததும் இரை தேடுகையில், கண்ணாடியில் தெரியும் மரத்தை மெய்யான மரமென்று நம்பி மோதுகின்றன. கனடாவில் ஆண்டுதோறும் 1 கோடியே 60 இலட்சம் முதல் 4 கோடியே 20 இலட்சம் பறவைகள் வரை இப்படி மடிகின்றன என்பது 2013ஆம் ஆண்டு மதிப்பீடு. வானுயர்ந்த கட்டடங்கள்தான் காரணம் என்று நினைப்போம். இல்லை. மிகப் பெரும்பங்கு சாதாரண வீடுகளில்தான், ஏனென்றால் வீடுகள்தான் அதிகம். நமது வாசல் பக்கத்துப் பெரிய கண்ணாடியின் கீழே வாலிபர் ஐக்கியத்தார் இந்த செப்டெம்பரில் மாத்திரம் ஏழு குருவிகளைப் பொறுக்கினார்கள்.

இரவு வெளிச்சம் பாதுகாப்புக்கு வேண்டும் என்று மூப்பர்கள் சொல்வது நியாயம். ஆள் நடமாடினால் மட்டும் எரியும் விளக்கு அதற்குப் போதும், மின்கட்டணமும் குறையும். கண்ணாடிக்குப் பருந்துப் படம் ஒன்று ஒட்டினால் சரி என்று சிலர் சொன்னீர்கள். அது உதவாது. வெளிப்பக்கத்தில் 5 சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளியாகக் கண்ணாடி முழுவதும் ஒட்ட வேண்டும். செலவுக் கணக்கைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை. மோதி மயங்கிய குருவியைக் கண்டால் தண்ணீர் கொடுக்காதீர்கள், ரொட்டி ஊட்டாதீர்கள். ஒரு பெரியவரைக் கூப்பிட்டு, கடதாசிப் பையிலோ மூடிய பெட்டியிலோ இருட்டாக, அமைதியாக வையுங்கள். தெளிந்தால் கண்ணாடி இல்லாத இடத்தில் திறந்து விடலாம். தெளியாவிட்டால் ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்ரரைக் கேட்க வேண்டும். சமையலறை அலுமாரியில் பைகள் வைத்திருக்கிறேன்.

இன்றிரவு கதவு பூட்டுகிறவருக்கு ஒரு சொல்: வாசல் விளக்கின் சுவிற்ச் கோற்றுகள் தொங்குகிற இடத்துக்குப் பின்னால், கீழிருந்து இரண்டாவது.