தலை, கழுத்து அறுவை சிகிச்சை: நாம் அறிய வேண்டியவை
(ஒடுகத்தூரில் ஆற்றிய உரை)



ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூருக்கு வேலூர் தொலைவன்று. 1900ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கி வளர்த்த கிறித்தவ மருத்துவமனையும், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையும் அருகிலேயே உள்ளன. இருந்தும் வாய்ப்புற்றுடையோர் பலர் நோய் முற்றிய பின்னரே வருகின்றனர். தொடக்கத்தில் வலி இராது, அதுவே ஏமாற்றிவிடுகிறது.

தலை, கழுத்து அறுவை என்பது மூளை, கண் நீங்கலாக வாய், நாக்கு, தாடை, தொண்டை, குரல்வளை, உமிழ்நீர்ச் சுரப்பி, தைராய்டு ஆகியவற்றிற்குச் செய்யப்படுவது. கழுத்துக் கட்டிகள் யாவும் புற்றல்ல. தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆயினும் மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண், நீங்காத குரற்கம்மல், வலியற்ற கழுத்துக்கட்டி இவற்றை மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். புகையிலையை வெற்றிலையுடன் கன்னத்தில் அடக்கும் வழக்கம் நம் இல்லங்களிலும் உண்டு. புலாலையும் மதுவையும் விலக்கிய நாம் இதனை மட்டும் ஏன் விட்டுவைத்தோமோ! புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றை விளைவிப்பதே.

"கத்தி பட்டால் பரவும்" என்பர். சதைத்துணுக்கு எடுத்துச் சோதியாமல் நோயை உறுதிசெய்ய இயலாது. அதனால் வாய்ப்புற்று பரவுவதில்லை, காலந்தாழ்த்துவதால்தான் பரவுகிறது.

நாக்கில் சிறு புண். கழுத்தை ஏன் அறுக்க வேண்டும் என்று உறவினர் வினவுவது இயல்பே. இதற்கு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வு விடை தந்தது. தொடக்கநிலை வாய்ப்புற்றில் கழுத்து நெறிக்கட்டிகளையும் உடன் அகற்றப் பெற்றோருள் மூன்றாண்டுக்குப்பின் 80 விழுக்காட்டினர் உயிர்வாழ்ந்தனர். கழுத்தில் நோய் தோன்றிய பின் அகற்றலாம் எனக் காத்திருந்தோருள் அது 67.5 விழுக்காடே. கண்ணுக்குப் புலப்படாத நோயணுக்கள் முன்னரே அங்குச் சென்றிருக்கக்கூடும் என்பதே காரணம். இவ்வறுவைக்குப்பின் தோள் இறுகலாம், பயிற்சியைக் கைவிடலாகாது.

அகற்றிய நாக்கின் இடத்தில் முன்கைத் தோலையும், தாடையெலும்பின் இடத்தில் கீழ்க்காலின் மெல்லெலும்பையும் குருதிக்குழாயுடன் எடுத்துப் பொருத்துகின்றனர். நெடுநேரம் ஆகும், வெளியே காத்திருப்போர் அஞ்ச வேண்டா. சிலருக்கு மூச்சுக்காகக் கழுத்தில் சிறு துளையிடுவர்; பெரும்பாலும் சில நாட்களில் அது மூடப்படும். அதுவரை பேச இயலாது. ஒரு சிலேட்டும் பலப்பமும் உடன் இருக்கட்டும். குரல்வளையை முழுதும் அகற்றியோருக்குத் துளை நிலையானது. அவர்களும் செயற்கைக் குரற்கருவியால் மீண்டும் பேசலாம்.

உணவு சில காலம் மூக்குக் குழாய் வழியே செல்லும். இரவில் உண்ணா நெறி பிறழுமோ எனக் கவலுறும் முதியோர், உணவியல் வல்லுநரிடம் அதனை முன்னதாகவே கூறலாம். உடல்நிலை இடந்தரும் அளவில் குழாயுணவு வேளைகளைப் பகலிலேயே வகுத்துக்கொள்ள முடியும்.

புறப்படும்போது பழைய சோதனை அறிக்கைகளையும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பின் அதனையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள்.