குழந்தைக்குக் கர்மம் ஏது?



இன்று நாம் பெரிய சாஸ்திர விசாரணை ஒன்றும் செய்ய வரவில்லை. பிரசாரத்திற்காக ஊர் ஊராய்ச் சுற்றுவதில் நம் கண்ணில் பட்டவற்றைச் சொல்லி, அவற்றுக்குக் காரணம் கேட்கவே வந்திருக்கின்றோம்.

சமீபத்தில் ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். எதிர்ப் பலகையில் ஐந்து வயதுப் பையன் ஒருவன். தாயார் இட்டிலியைப் பிட்டு, "இன்னும் ஒரே வாய், கண்ணு" என்று கெஞ்சுகிறார். அவன் துப்புகிறான். அப்போது அவன் வயதேயுள்ள வேறொரு பையன், உடம்பிலிருந்த சட்டையைக் கழற்றி, அதனாலேயே வண்டித் தரையைத் துடைத்துக்கொண்டு தவழ்ந்து வந்தான். துப்பிய இட்டிலியையும் துடைத்துவிட்டுக் கையை நீட்டினான். பக்கத்திலிருந்த பெரியவர் ஒரு ரூபாயைப் போட்டு, "போன ஜென்மத்தில் செய்தது, அனுபவிக்கிறான்" என்றார். "என்ன செய்தான் ஐயா?" என்று கேட்டோம். "அது யாருக்குத் தெரியும்?" என்றார். தோழர்களே! செய்த குற்றம் இன்னதென்று குற்றவாளிக்கும் தெரியாது, ஊராருக்கும் தெரியாது, தண்டனை மாத்திரம் நடக்கும் என்றால், அப்பேர்ப்பட்ட கோர்ட்டை நீங்கள் ஒப்புவீர்களா?

இன்னொரு நாள் விடியற்காலையில் திருவள்ளூர் ஜில்லாவில் ஒரு செங்கல் சூளைப் பக்கம் போனோம். ஒரிசாவிலிருந்து முன்பணம் வாங்கி வந்த குடும்பங்கள் அங்கே வேலை செய்தன. ஈரக் கல் காய்வதற்கு அதைப் புரட்டிப் போடவேண்டும். பெரியவர் கால் பட்டால் கல் அழுந்திவிடும் என்று, எடையில்லாத சிறு பிள்ளைகள் அதன்மேல் நடந்து புரட்டிக்கொண்டிருந்தார்கள். அதே ரோட்டில் மஞ்சள் வண்டிகள் பூட்ஸ் போட்ட பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன.

இதற்குக் காரணம் என்ன? கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. அப்பனும் அம்மாவும் மாத்திரம் பாடுபட்டால் முன்பணம் கழியாது; பிள்ளையின் கையும் சேர்ந்தால்தான் கணக்குச் சரிக்கட்டும். இதில் பிரமன் எழுதிய எழுத்து எங்கே இருக்கிறது? மேஸ்திரியின் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய எழுத்துத்தான் இருக்கிறது!

மனிதன் செய்த ஏற்பாட்டை மனிதன் மாற்றலாம் என்பதற்கு ருஜு வேண்டுமா? 1920ல் சென்னை ஆயிரம் விளக்கிலுள்ள கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில், பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் பகலுணவு போட நீதிக்கட்சியார் காலத்தில் ஏற்பாடாயிற்று. 1956ல் காமராஜர் அதை மாகாணம் முழுதும் பரப்பினார். 1982ல் சத்துணவு வந்தது. 2022ல் காலைச் சிற்றுண்டியும் தொடங்கிற்று. படிப்பு வராத ஜாதி என்று ஒதுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று டாக்டராயும் ஜட்ஜாயும் இருக்கிறார்கள். ஒரு தட்டுச் சோற்றுக்கும் ஒரு பலகைக்கும் பயந்து ஓடுகிற கர்மம் என்ன கர்மம்?

ஆனால் பழைய சரக்குப் புதிய உறையில் வரும், ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். 1953ல் அரை நாள் பள்ளிக்கூடம், மீதிப் பொழுது தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று நாம் எதிர்த்துக் கிளர்ச்சி செய்தோம். 1954ல் அது கைவிடப்பட்டது. 2016ல் செய்த சட்டத் திருத்தம், பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக்கூடாதென்று சொல்லுகிறது. நல்லதுதான். ஆனால் பள்ளி நேரம் போகவும், விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. வக்கீல் பிள்ளை விடுமுறையில் தகப்பனுக்குக் கட்டுத் தூக்குவானா? செருப்புத் தைக்கிறவர் பிள்ளைதான் அந்த வாசலில் நுழையவேண்டும்.

கடைசியாக நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். கடவுள் இல்லையென்று மணிக்கணக்காய் வாதாடுகிற ஒரு தோழர் வீட்டில் சாப்பிட்டோம். இலை எடுத்தது பத்து வயதுப் பெண் குழந்தை. "அநாதை, இங்கே வயிறாவது நிறைகிறது" என்றார் தோழர். அவர் குழந்தைகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தன. நாம் அன்று ஒன்றும் பேசாமல் கை கழுவிக்கொண்டு வந்துவிட்டோம். அது நம் குற்றம்; வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறோம். பிறகு போய்க் கேட்டோம். இப்போது அந்தப் பெண் விடுதியில் தங்கி ஐந்தாவது படிக்கிறது. தோழருக்கு நம்மேல் வருத்தந்தான், இருக்கட்டும்.

ஆகவே, தோழர்களே! சிறு பையன் கழுவின கிளாசில் டீ குடிக்காதீர்கள். ஏன் அவன் பள்ளிக்கூடத்தில் இல்லை என்று கடைக்காரரைக் கேளுங்கள். கேட்டும் பயனில்லையானால் 1098 என்ற டெலிபோன் எண்ணுக்குச் சொல்லுங்கள், காசு செலவில்லை. ரயிலில் ஒரு ரூபாய் போட்டுப் புண்ணியம் தேடுவது சுலபம். அந்தப் பையனைப் பலகையில் உட்கார வைப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான காரியத்திற்குத்தான் சுயமரியாதை என்று பெயர்.