நிலைத்திருக்கும் வீடு



பிள்ளைகளே, இங்கே நியூ ஜெர்சியில் உங்கள் பள்ளியில் லாக்டவுன் டிரில் நடக்கிறது. விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, சத்தமில்லாமல் மூலையில் உட்காருகிறீர்கள். உடம்புக்கு ஒரு மூலை கிடைத்துவிடுகிறது. மனசு எங்கே போய் ஒளிந்துகொள்ளும்? விசா, வேலை, ஊரில் தனியாயிருக்கும் அம்மா அப்பா என்று கவலைப்படும் பெரியவர்களுக்கும் இதே கேள்விதான்.

யோவான் சுவிசேஷம் 14-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 2-ஆம் வசனத்தில், பிதாவின் வீட்டில் வாசஸ்தலங்கள் உண்டென்று இயேசு சொல்லுகிறார். அடக்க ஆராதனைகளில் நாம் கேட்கிற வசனம் அது. 23-ஆம் வசனத்தில், தம்மிடத்தில் அன்பாயிருக்கிறவனிடம் பிதாவும் தாமும் வந்து வாசம்பண்ணுவதாகச் சொல்லுகிறார். மூல கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், 'மொனே'. தங்குமிடம் என்று அர்த்தம். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அது வருவதில்லை. மரித்தபின் நாம் போய்ச் சேரும் வீடு இன்றைக்கே நமக்குள் திறந்திருக்கிறது.

15-ஆம் அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வரும் 'நிலைத்திருங்கள்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். 1891-இல் பாளையங்கோட்டையில் பிறந்து, நம்மைப்போல் கடல் கடந்து அமெரிக்காவிலும் ஆக்ஸ்ஃபர்டிலும் படித்து, பின்பு கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி ஐயர் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டார். யோவானின் எழுத்துக்களைப் பக்தி மார்க்கமாக வாசித்து, 1927-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நிலைத்திருத்தல் என்பது கடலில் துளி கரைவதுபோல் நாம் காணாமற்போவதல்ல. அன்பில் இருவராகவே இணைந்திருப்பது, அந்த அன்பு நம் நடக்கையிலும் தெரிவது என்று அவர் விளக்கினார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இயேசு இதைப் பேசியது, தாம் பிடிபடப்போகிற அதே இராத்திரியில். வெளி நாட்டில் நர்சிங் படித்து, இப்போது இங்கே இரவு வேலை பார்க்கிறவள் நான். ஜெபித்துப் பிழைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், ஜெபித்தும் பிழைக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்றும் நேராது என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். எது நேர்ந்தாலும் நீங்கள் தனியாயிருக்கமாட்டீர்கள் என்று தைரியமாய்ச் சொல்லுவேன்.

இதற்கு ஒரு சின்னப் பழக்கம் போதும். ஒவ்வொரு நோயாளியின் அறைக்குள் போகுமுன் 20 விநாடி கை கழுவுவேன். அந்த 20 விநாடியும் ஒரே சொல்: மூச்சை இழுக்கும்போது 'ஆண்டவரே', விடும்போது 'நிலைத்திருக்கிறேன்'. பிறகு கதவைத் திறந்தால், உள்ளே இருப்பவரின் வலி என் கண்ணுக்கு நன்றாய்த் தெரியும். அடைக்கலம் என்பது கதவைச் சாத்திக்கொள்வதோடு முடிவதில்லை. அடுத்தவர் கதவைத் தட்டவும் அது பலம் தரும்.

அடுத்த டிரில் வரும்போது டீச்சர் சொல்வதை அப்படியே செய்யுங்கள். மூலையில் உட்கார்ந்ததும் அந்தச் சொல்லை மெதுவாய் நினையுங்கள். பக்கத்தில் பயந்திருக்கிற பிள்ளையின் கையையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் நம் சபையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.