வரிசையில் நீதி
(ஹெப்பகோடியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பொழுது சாய்ந்தால் ஹெப்பகோடியில் இருவகை நெரிசல்கள் தோன்றுகின்றன. ஒன்று, ஓசூர்ச் சாலையில் நாம் கண்ணாற் காண்பது. மற்றொன்று, நம் இல்லங்களுக்கு வரும் இணையக் கம்பியில் கண்ணுக்குப் புலனாகாது நிகழ்வது. ஒரு வீட்டில் மகன் ஊரிலுள்ள அன்னையோடு பேசுகிறான். அடுத்த வீட்டில் முழுநீளத் திரைப்படம் ஒன்றைப் பதிவிறக்குகிறார்கள். இரண்டும் ஒரே கம்பியிற் செல்லும்போது, அன்னையின் பேச்சு அறுபடாமற் காப்பது எவ்வாறு? இதுவே இன்று நாம் சிந்திக்கப் புகுந்த பொருள்.

இணையத்திற் செல்லும் செய்திகள் யாவும் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்தே செல்கின்றன. முந்தி வந்ததை முந்தி அனுப்பும் முறையில், மிகுதியாக அனுப்புகிறவரே மிகுதியான இடத்தைக் கைக்கொள்கிறார். 1985-இல் ஜான் நேகிள் என்னும் அறிஞர், அனுப்புவோர் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை அமைத்து, முறைவைத்து ஒவ்வொரு பொட்டலமாக விடலாம் என்றார். நன்று. ஆயினும் தண்ணீர் லாரியைச் சூழ்ந்து நிற்கும் தெருவை எண்ணிப் பாருங்கள். முறைக்கு ஒரு குடம் என்றால், பெரிய குடம் உடையவருக்கே ஆதாயம் அன்றோ?

1989-இல் டெமர்ஸ், கேசவ், ஷெங்கர் ஆகிய மூவரும் இக்குறையைக் களைந்தனர். எல்லாக் குடங்களிலும் ஒருங்கே துளித்துளியாக ஊற்றினால் எது முதலில் நிறையும் எனக் கணித்து, அந்த வரிசையிலேயே நிரப்புவது அவர்கள் முறை. நீதி கிட்டியது, கணக்கோ வளர்ந்தது. முதலில் நிறைவது எது என ஒவ்வொரு முறையும் தேட வேண்டும். ஆயிரம் வரிசைகளுக்கு ஏறத்தாழ 10 ஒப்பீடுகள். பத்து இலட்சத்திற்கு ஏறத்தாழ 20. இது பெரிதோ என்பீர்கள். நொடிக்கு 1,000 கோடி பிட்டுகள் ஓடும் கம்பியை, 1,500 பைட் பொட்டலம் ஒன்று ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் 1.2 பங்கு நேரத்தில் கடந்துவிடும். அதற்குள் அடுத்த முடிவை எடுத்தாக வேண்டும்!

1995-இல் ஸ்ரீதரும், மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஜார்ஜ் வர்கீசும் ஓர் எளிய வழி கண்டனர். டெபிசிட் ரவுண்ட் ராபின் என்பது அதன் பெயர். முறைக்கு 15 லிட்டர் என வரவு வைப்போம். 15 லிட்டர்க் குடம் உடையவர் முறைதோறும் ஒன்று நிரப்புவார். 10 லிட்டர்க் குடங்கள் உடையவர் முதன்முறை ஒன்று நிரப்பி, மீதி 5-ஐக் கணக்கில் வைத்து, அடுத்த முறை இரண்டு நிரப்புவார். ஈரிடத்தும் 30 லிட்டரே! நிரப்பக் குடம் இல்லாதவரின் மீதி அழிக்கப்படும். வரவு, மிகப் பெரிய குடத்தின் அளவுக்குக் குறையாதிருந்தால், வரிசைகள் நூறாயினும் இலட்சமாயினும் ஒரு பொட்டலத்திற்கான வேலை பெருகாது.

இதிலும் ஒரு குறை உண்டு. சிறு செய்தியும் தன் முறைக்காக ஒரு சுற்று முழுதும் காத்திருக்க நேரலாம். 2018-இல் ஆவணமாக வெளிவந்த எஃப்.கியூ. கோடெல் முறை, இதே சுற்றைச் சற்று மாற்றி, புதிதாக வரும் வரிசைக்குச் சிறிது முன்னுரிமை தருகிறது.

அன்பர்களே! கூட்டம் பெருகும்போதுதான் நீதி தேவைப்படுகிறது. கூட்டத்தோடு தானும் கனத்துப்போகும் நீதி, வேண்டிய வேளையில் கைகொடாது. குறைவாகக் கேட்பவருக்கும் உரிய பங்கு, காலத்தாழ்வின்றிக் கிட்ட வேண்டும். கம்பிக்குப் பொருந்தும் இவ்விதி, பல ஊர்களிலிருந்து வந்து ஒரு குழாய்நீரைப் பகிர்ந்து வாழும் நம் குடியிருப்புக்கும் பொருந்துவதே.